அறுபது மைல் கட்சி

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது என் மூளையின் பலத்தால் அல்ல, அதன் நடுத்தரத்தால். அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்கு எடுத்தபோதே என்னிடம் இதைச் சொல்லித்தான் எடுத்தார்கள்.

இப்போது கேள்வித்தாள் தயாரிக்கும் உங்களுக்கெல்லாம் ஒரு கேள்வி எவ்வளவு கடினம் என்பதை இயந்திரமே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. நல்லதுதான். இயந்திரத்துக்கு வேலை நிரந்தரமாக வேண்டியதில்லை, கல்யாணமும் ஆக வேண்டியதில்லை. எனக்கு இரண்டும் ஆக வேண்டியிருந்தது. அதனால் எங்கள் காலத்தில் கடினம் பார்ப்பது கொஞ்சம் கடினமாக இருந்தது.

அறுபதுகளில் பம்பாயில் நிர்வாகப் படிப்பு என்று ஒன்று புதிதாக முளைத்தது. அதற்கென்று ஒரு கல்லூரி, அதில் சேர ஒரு நுழைவுத் தேர்வு, தேர்வை நடத்த ஓர் அறை, அறையில் ஒரு மின்விசிறி. நாங்கள் குடியிருந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். என் அப்பா தாராவியில் தோல் கிடங்கில் மேஸ்திரி. இப்படி ஒரு படிப்பு வந்திருக்கிறது என்று நான் சொன்னதும், "அதிகாரம் பண்ணக்கூடப் படிக்கணுமால? எங்க மொதலாளி படிச்சிட்டா எங்கள ஏசுதான்?" என்று கேட்டார்.

அந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்கு உதவியாளர் தேவை என்று கேள்விப்பட்டு நானும் போனேன். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ஒரு பழைய கேள்வித்தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். நன்றாக எழுதியவர்களையும், ஒன்றுமே எழுதாதவர்களையும் ஒரே மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார் எங்கள் பிரிவின் தலைவர். பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், நெற்றியில் சந்தனக் கீற்று, அதற்குக் கீழே கோட்டும் டையும். நான் கடைசிவரை அவரை சார் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

"பாதி சரி, பாதி தப்பு. அசல் சராசரி மூளை ஓய் உமக்கு" என்றார் சார். "இது லேசில கிடைக்காது. பத்திரமா வச்சுக்கோரும்."

வீட்டில் அம்மாவிடம், தலைவரே என் மூளையைப் பாராட்டினார் என்று சொன்னேன். விவரம் சொல்லவில்லை.

வேலை இதுதான். பேராசிரியர்கள் கேள்வி எழுதித் தருவார்கள். அவர்களிடம் இது எளிதா, கடினமா என்று கேட்டுப் பயனில்லை. தான் வைத்த குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆகவே என்னை உட்காரவைத்து எழுதச் சொல்வார் சார். நான் தாளைப் பார்ப்பேன், அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையைச் சொறிந்தால் கேள்விக்குப் பக்கத்தில் நீலப் பென்சில். பேனாவைக் கடித்தால் சிவப்பு. கேள்வித்தாள் மட்டும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த விதி சுவரில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. சாரின் முகத்தில் இருந்தது.

ஒரு முறை ஆங்கிலப் பத்தி ஒன்று வந்தது. கோல்ஃப் விளையாட்டைப் பற்றி. எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. பேனாவின் மூடி வரைக்கும் கடித்துவிட்டேன். ரொம்பக் கடினம் சார் என்றேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுக்கவே இல்லை. பத்தியையே அடித்துவிட்டார். "கடினம் இல்லை ஓய் இது. உம்ம அப்பா எந்தக் கிளப்புல மெம்பர்னு கேக்கறது" என்றார். தெரியாததையும் கடினமானதையும் ஒன்றாகக் கட்டக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரிகிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்படியே நன்றாகப் போயிருக்கலாம். எனக்கு வந்த ஆபத்து நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. எனக்கு அறிவு வந்துவிட்டது.

தினமும் கேள்வித்தாள் எழுதிக்கொண்டே இருந்தால் மாட்டுக்குக்கூட விகிதாசாரம் வந்துவிடும். இரண்டாவது வருஷத்தில் நான் தலையைச் சொறிவது குறைந்தது. எல்லாமே எளிதாகத் தெரிந்தது. அதைப் பெருமையாகச் சொன்னேன். சார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு துக்கத்தோடு பார்த்தார்.

"நீர் கெட்டுப் போயிட்டீர் ஓய்" என்றார்.

அப்போது நான் தற்காலிகம். நிரந்தரமாக்குவதா, வேறு ஒரு சராசரியைத் தேடுவதா என்று அந்த மாதம் முடிவுசெய்ய வேண்டியவர் அவர். செம்பூரில் எனக்கு ஒரு வரன் பேசியிருந்தார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், எங்களைப் போலவே வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். பெண்ணின் அப்பா அணுசக்தி நிலையத்தில் ஃபோர்மேன். வேலை நிரந்தரமானால்தான் பேச்சு, இல்லாவிட்டால் ஸ்தோத்திரம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, நான் கொஞ்சம் முட்டாளாக இருந்தால்தான் எனக்குக் கல்யாணம் என்ற நிலைமை.

அந்த வாரம் சார் ஒரு கேள்வியைக் கொடுத்தார். ஒரு வண்டி பாதித் தூரத்தை மணிக்கு இருபது மைல் வேகத்தில் போகிறது. மொத்தப் பயணத்துக்கும் சராசரி நாற்பது மைல் வர வேண்டுமென்றால் மீதிப் பாதியை என்ன வேகத்தில் போக வேண்டும்?

அறுபது என்று வாய் தானாகச் சொல்லும். இருபதும் அறுபதும் எண்பது, பாதி நாற்பது. ஆனால் தவறு. மொத்தம் நாற்பது மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி நாற்பது வர ஒரு மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். முதல் இருபது மைலிலேயே அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துபோயிற்று. மீதியை ராக்கெட்டில் போனாலும் நடக்காது. இது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. எளிது சார் என்றேன்.

"எழுதின புரொஃபசரும் அதைத்தான் சொல்றார். இப்ப உம்மையும் என்னால நம்ப முடியல" என்றார் சார். அடுத்த திங்கட்கிழமை தாள் அச்சகத்துக்குப் போக வேண்டும், அதற்குள் ஒரு முடிவோடு வாரும் என்றார்.

எனக்குக் கெட்டுப்போகாத மூளைகள் தேவைப்பட்டன. தாள்தானே வெளியே போகக் கூடாது, கேள்வி தலைக்குள் இருந்தால் என்ன என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மாட்டுங்காவில் நான் மதியச் சாப்பாடு சாப்பிடும் மெஸ்ஸுக்குப் போனேன். எதிரில் ஒரு பேங்க் கிளார்க், பக்கத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவர். சொந்தக்காரப் பையன் பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம் என்று சொல்லி, ரசம் வரும் நேரத்தில் கேள்வியை மெல்ல அவிழ்த்துவிட்டேன்.

பேங்க் கிளார்க் உடனே அறுபது என்றார். ரயில்வேக்காரர் சிரித்தார். மோர் வந்தது. இருவரும் மோரைக் கவனிக்கவில்லை. ரயில்வேக்காரர் இலையில் உப்பை வைத்து ஸ்டேஷன் என்றார். பேங்க் கிளார்க் அந்த ஸ்டேஷனை ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த பந்திக்கு நின்றிருந்தவர்கள் முதலில் எழுந்திருக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். பிறகு கேள்வி என்ன என்று கேட்டார்கள். பிறகு அவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். மெஸ் சொந்தக்காரர் விரட்ட வந்து அறுபது மைல் கட்சியில் சேர்ந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு, கடினம்தான் என்று திருப்தியாகக் கிளம்பினேன்.

தம்பிகளே, தங்கைகளே, மாட்டுங்காவில் ஒரு கணக்கை விட்டுவிட்டு வருவது சந்தையில் காளையை அவிழ்த்துவிட்டு வருவதைப் போல. வேறு பேட்டையில் கேட்டிருந்தால் யோவ் வேலையைப் பார் என்றிருப்பார்கள். அங்கே எல்லோருக்கும் கணக்குத்தான் வேலை, வேலை முடிந்தால் பொழுதுபோக்கும் அதுதான்.

இரண்டே நாளில் லோக்கல் ரயிலில் அந்தக் கணக்கு எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து வந்தது. எங்கள் பெட்டியில் தினமும் பஜனை பாடும் கோஷ்டி ஒன்று உண்டு. அன்று தாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டை. கதவருகே தொங்கிக்கொண்டிருந்த ஒரு குஜராத்திக்காரர் "சாட் ஹை பாய், சாட்" என்று தலையை உள்ளே நீட்டி அறுபதுக்கு ஓட்டுப் போட்டார். கணக்கில் இருந்த வண்டி டபுள் டெக்கர் பஸ்ஸாக மாறியிருந்தது. சயானில் ஏறியவர்களுக்கு அது ஆம்புலன்ஸ். கேள்வி எங்கள் தேர்வுடையது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தால்தானே தப்பு என்று நான் ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண் பார்க்கச் செம்பூர் போனோம். அப்பா, அம்மா, எங்கள் சபை உபதேசியார், நான். உபதேசியார் ஜெபம் பண்ணினார். இந்தத் தம்பியின் உத்தியோகத்தை நிரந்தரப்படுத்தும் ஆண்டவரே என்று கேட்டபோது பெண்ணின் அப்பா மற்ற எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். கேக்கும் முறுக்கும் வந்தன. பெண் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்த்தேன். இந்த வேலை நிரந்தரமாக வேண்டும் என்று அதுவரை என் அறிவுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த நிமிஷம் எனக்கும் தெரிந்தது.

"தம்பி, பெரிய படிப்புப் படிக்கிற எடத்துல வேல பாக்கிய. ஒரு கணக்குக் கேக்கேன், சொல்லுங்க" என்றார் பெண்ணின் அப்பா. "எங்க ஸ்டாஃப் பஸ்ல நாலு நாளா இதே பேச்சுதான். ரெண்டு இன்ஜினியர்மாரு இப்ப மொகங்குடுத்துப் பேசுறதில்ல. ஒரு வண்டி பாதித் தூரத்த இருவது மைல் வேகத்துல போகுது..."

முறுக்கு என் வாயில் பாதியில் நின்றது. அவர் முழுக் கேள்வியையும் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தார். பிறகு சாதாரணமாக ஒன்று சேர்த்தார். "பக்கத்து வீட்டுப் பையங்கிட்டயும் கேட்டேன். உங்க பரீட்சதான் எழுதப் போறாம். அவம் போட்டுட்டாம். நீங்க சொல்லுங்க." சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்கு விடை தெரியும். நாலு நாளாக ரயிலில் அதைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை. ஆனால் கேள்வி வெளியே போய் எழுதப் போகிற ஒருவனின் கைக்கே சேர்ந்துவிட்டது என்ற பயம் ஒரு பக்கம், அந்தப் பெண் ஒரு பக்கம், கடிகாரம் நடுவில். விடை இருந்த இடத்தில் மூளைக்குள் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் இருந்தது. அப்பா இருமினார். உபதேசியார் கண்ணை மூடினார். எனக்காக ஜெபம் பண்ணினார் என்றுதான் நினைக்கிறேன்.

"அறுபது" என்றேன்.

அதோடு நிறுத்தவில்லை. விளக்கினேன். இருபதும் அறுபதும் எண்பது, அதில் பாதி நாற்பது, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கேட்டேன். சரியான விடையை வாழ்க்கையில் ஒரு நாளும் அவ்வளவு அழகாக நான் விளக்கியதில்லை.

பெண்ணின் அப்பா தொடையில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "சொன்னேம்லா! இதத்தானே நானும் பஸ்ல தொண்டத் தண்ணி வத்தச் சொன்னேன். ஒரு பய கேக்கலயே!"

"எப்பா, அந்த வீட்டுப் பையன் எந்த வேகத்துல போனாலும் நடக்காதுன்னுல்லா சொன்னான்" என்றாள் பெண், மெதுவாக.

"அவம் கெடக்காம். வாய் நீளம் அவனுக்கு." அவர் என் தோளில் கைபோட்டார். "வேல மட்டும் பெர்மனென்ட் ஆவட்டும் தம்பி. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

குர்லாவில் ரயில் மாறும்போது, பாலத்தின் நடுவில், விடை திரும்பி வந்தது. என்ன பிரயோசனம்? அம்மா சந்தோஷமாக இருந்தாள். அப்பா, பையன் டக்கென்று கணக்குப் போட்டுவிட்டான் என்று உபதேசியாரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலையில் அச்சகத்து ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லாவிட்டால் தாள் போய்விடும், என் வேலை நிரந்தரம், செம்பூரில் கல்யாணம். சொன்னால் மூன்றும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்தக் கேள்வி தெரியும். அணுசக்தி நிலையத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்குத் தெரியும். மாட்டுங்காப் பிள்ளைகளுக்குத் தெரியும். நாக்பூரிலிருந்து ரயிலேறி வந்து எழுதுகிறவனுக்குத் தெரியாது. கோல்ஃப் பத்தியை சார் எந்தக் காரணத்துக்காக அடித்தாரோ அதே காரணம். பெரிய தர்ம உணர்ச்சி எல்லாம் இல்லை. அந்தப் பத்தி நினைவுக்கு வந்து தொலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஸ், ரயில், ஸ்டாஃப் பஸ், முறுக்கு. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அந்த மாட்டு வண்டி நம்மளோடதாக்கும்?" என்றார்.

எந்த மாட்டு வண்டி என்று எனக்குப் புரியவில்லை. மெல்ல மெல்ல வெளியே வந்தது. புதன்கிழமை அவருடைய மைத்துனர் கச்சேரி நடுவில் ஒரு கணக்குக் கேட்டிருக்கிறார். குருவாயூருக்கு ஒரு மாட்டு வண்டி. பாதி வழி மணிக்கு இரண்டு மைல். மொத்தத்துக்கும் சராசரி நாலு வர வேண்டும். மாட்டுங்காவைச் சுற்றி வருவதற்குள் டபுள் டெக்கர் பஸ்ஸுக்குக் கொம்பு முளைத்து, வேகமும் குறைந்துவிட்டது.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சாச்சு. அவன் அவசரப்படுத்தினான்." சார் மறுபடி கண்ணாடியை எடுத்தார். "ஆறுன்னேன்."



பிறகு அவர் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். அந்தக் கேள்வியைத் தாளிலிருந்து அடித்தார். பெட்டியில் மாற்றுக் கேள்விகள் மூன்று இருந்தன. எது சரியான அளவு என்று தெரியாது. வழக்கம்போல என்னை உட்காரவைத்தார். ஆனால் இந்த முறை தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மேஜை டிராயரைத் தட்டிக் காட்டினார்.

"உம்ம பெர்மனென்ட் ஆர்டர் இதுக்குள்ள இருக்கு. தப்பாப் போட்டா கிழிச்சுடுவேன். ம், போடும்."

முதல் கேள்வி எனக்கு வரவே இல்லை. மூன்றாவது வந்துவிட்டது. இரண்டாவதைப் போட்டேன், அடித்தேன், மறுபடி போட்டேன். வியர்வை தாளில் விழுந்து ஒரு எண் கலைந்தது. கடைசியில் பாதி சரியாக வந்தது. சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டாவது கேள்வியைத் தாளில் ஒட்டினார். அச்சகத்து ஆளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உமக்குச் சராசரி திரும்பி வந்துடுத்து ஓய்" என்றார்.

டிராயரைத் திறந்தார். உள்ளே தயிர்சாத டப்பாதான் இருந்தது. ஆர்டர் அடுத்த மாதம் வந்தது.

கேள்வியில் கடினம் இல்லை, பிள்ளைகளே. கேள்வியை வைத்துக்கொண்டு நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், எதிரில் என்ன இருக்கிறது, அதில்தான் இருக்கிறது. டீயைக் குடித்துக்கொண்டு இது எளிது என்று எழுதும் முன்னால், அதே தாளை ஒருவன் அப்பாவின் வேலை போன மாதத்தில் எழுதுகிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நினைக்க வரவில்லையென்றால் யாரையாவது கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு சார் வந்திருந்தார். பிரியாணிப் பந்திக்கு எதிர்ப்பக்கமாக ஒரு நாற்காலியில், கையில் வாழைப்பழமும் சோடாவுமாக. நான் பயந்தபடியே மாமனார் அவரிடம் போய் நின்றார். சார், நீங்கதான் தீர்த்துவைக்கணும், பஸ்ல ஒருத்தனும் நம்பமாட்டேங்கான் என்று ஆரம்பித்துக் கேள்வி முழுவதையும் சொன்னார். பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தையும் கழற்றினார்.

சார் மாமனாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சோடாவை ஒரு வாய் குடித்தார்.

"அறுபது" என்றார்.

மாமனார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஸ்ஸில் வருகிறவர்கள் பக்கம் திரும்பிக் கேட்டீங்களாவே என்றார். சார் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, கடிகாரத்தைப் பார்த்து அவருக்கும் சுவர் வந்துவிட்டதா, நான் கேட்டதில்லை. ஓய்வு பெறும்வரை அவரும் சொல்லவில்லை.

எனக்குப் பக்கத்தில் மாலையோடு நின்றிருந்த என் மனைவி மட்டும், உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "எந்த வேகத்துல போனாலும் நடக்காது, என்னா?"

நான் ஆமாம் என்றேன். அந்த நிமிஷம் என் எதிரில் எந்தக் கடிகாரமும் இல்லை.